தாராவியில் கேட்டது டோம்பிவிலிக்குப் பொருந்துமா? கள ஆய்வுக்கு மாதிரி எடுக்க முழுமையான வழிகாட்டி

மும்பையில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும்? இதற்கு விடை தேடி மூன்று பேர் கிளம்புகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் மாட்டுங்காவில் நடக்கும் ஒரு விழாவுக்குப் போய், அங்கே வந்த 200 குடும்பங்களைக் கேட்கிறார். இன்னொருவர் தாராவியில் மாநகராட்சித் தமிழ்வழிப் பள்ளி வாசலில் நின்று 200 பிள்ளைகளிடம் ஒரு பத்தியைக் கொடுத்து வாசிக்கச் சொல்கிறார். மூன்றாமவர் தமிழில் ஒரு கூகுள் படிவம் தயார்செய்து வாட்ஸப் குழுக்களில் போடுகிறார். 2,000 பதில் வந்துவிடுகிறது. மூவரும் நேர்மையாக உழைத்தவர்கள். ஆனாலும் மூன்று விடையும் வேறுவேறாக இருக்கும். அவற்றில் எதையும் மும்பைக்கான விடை என்று சொல்ல முடியாது.

விழாவுக்கு வருகிறவர்கள் தமிழோடு தொடர்பை விடாதவர்கள். தமிழ்வழிப் பள்ளிப் பிள்ளை வாசிப்பதில் வியப்பில்லை. தமிழ்ப் படிவத்தை நிரப்பிய வீட்டில் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவராவது இருக்கிறார். பிள்ளை நம் கைக்கு வந்து சேர்ந்த வழியும், நாம் அளக்க வந்த விஷயமும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன. எண்ணிக்கையைக் கூட்டினால் அந்தப் பின்னல் அவிழாது, இறுகும். அமெரிக்காவில் ஃபேஸ்புக் வழியாக நடந்த கோவிட் ஆய்வு ஒன்றில் வாரத்துக்குச் சுமார் 2,50,000 பேர் பதில் சொன்னார்கள். 2021 மே மாதத்தில் அந்த ஆய்வு, முதல் தடுப்பூசி போட்டவர்களின் அளவை உண்மையைவிட 17 சதவீதப் புள்ளி கூட்டிக் காட்டியது. இரண்டரை லட்சம் என்ற எண்ணைப் பார்த்தால் சந்தேகப்படவே தோன்றாது. ஆபத்து அங்கேதான் இருந்தது.

இந்த வழிகாட்டி அந்த வாசிப்புக் கேள்வியையே கையில் பிடித்துக்கொண்டு, ஒரு சரியான ஆய்வை முதலிலிருந்து கடைசி வரை எப்படி எடுத்துச் செல்வது என்று சொல்கிறது. ஆய்வேடு எழுதும் மாணவர்களுக்கும், தங்கள் பகுதியைப் பற்றிக் கணக்கெடுக்க நினைக்கும் சங்கங்களுக்கும் இதே வழி பயன்படும்.

முதல் படி: கடைசி வாக்கியத்தை முதலில் எழுதுங்கள்

ஆய்வு முடிந்ததும் என்ன சொல்லப் போகிறீர்கள்? அந்த வாக்கியத்தை எண் இருக்கும் இடத்தை மட்டும் காலியாக விட்டு இன்றே எழுதுங்கள். "மும்பைப் பெருநகரில் வசிக்கும், வீட்டில் தமிழ் பேசும் குடும்பங்களின் 10 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் ___ சதவீதம் பேர் நான்கு வரித் தமிழ்ப் பத்தியைத் தடங்கலின்றி வாசிக்கிறார்கள்." இந்த வாக்கியத்தில் வரும் ஒவ்வொரு சொல்லும் பின்னால் ஒரு சண்டையைக் கிளப்பும். அந்தச் சண்டையை இப்போதே முடித்துவிடுவது நல்லது.

மும்பைப் பெருநகர் என்றால் எதுவரை? மும்பை நகரம், புறநகர் என்ற இரண்டு மாவட்டங்களோடு நிறுத்தினால் டோம்பிவிலி, வாஷி, நெருல் எல்லாம் விட்டுப்போகும். அவை தாணே மாவட்டம். சயானிலும் ஆண்டாப்ஹில்லிலும் ஒற்றை அறையில் இருந்த குடும்பங்கள் வசதி வந்ததும் நகர்ந்து போகிற இடங்களில் அவையும் அடக்கம். அவற்றை விட்டால், முன்னேறிய குடும்பங்களில் ஒரு பகுதியையே ஆய்விலிருந்து வெட்டிவிடுகிறோம்.

தமிழ்க் குடும்பம் என்றால் யார்? தாய் தமிழ், தந்தை மராத்தி என்றால் சேர்ப்பதா? மாட்டுங்காவிலும் செம்பூரிலும் இருக்கும் பாலக்காட்டுக் குடும்பங்கள் வீட்டில் தமிழ்தான் பேசுவார்கள். பெரியவர்களில் பலர் வாசிப்பதோ மலையாளம். எந்த முடிவை எடுத்தாலும் சரிதான். ஆனால் முடிவு எழுத்தில் இருக்க வேண்டும், களத்தில் இறங்கும் எல்லோரிடமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். சொல்ல விரும்பும் இந்த மொத்தக் கூட்டத்தைப் புள்ளியியலில் முழுமைத்தொகுதி என்பார்கள்.

இரண்டாம் படி: பட்டியல், அதில் இல்லாதவர்கள்

முழுமைத்தொகுதியிலிருந்து கேட்பதற்காகப் பொறுக்கி எடுக்கும் சிலர்தான் மாதிரி. அதை எடுக்க ஒரு பட்டியல் வேண்டும். மும்பைத் தமிழ்ப் பிள்ளைகள் என்று ஒரு பட்டியல் எங்கும் கிடையாது. கடைசியாக வெளியான 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சி-16 என்ற அட்டவணை தாய்மொழி வாரியாக எண்ணிக்கை தருகிறது. எண்ணிக்கைதான் கிடைக்கும், முகவரி கிடைக்காது.

பலர் உடனே வாக்காளர் பட்டியலை எடுத்துப் பெயரைப் பார்த்துத் தமிழர்களைப் பொறுக்குவார்கள். பார்வைக்குச் சுலபமாகத் தெரியும் இந்த வழியில் மூன்று பள்ளங்கள் இருக்கின்றன. முருகன், செல்வி, நாடார் என்று இருந்தால் பிடித்துவிடலாம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களின் பெயர்கள் அந்த வலையில் சிக்காது. இன்னும் ஊரிலேயே ஓட்டு வைத்திருப்பவர்கள், அடிக்கடி வீடு மாறும் வாடகைக்காரர்கள் பட்டியலிலேயே இருக்க மாட்டார்கள். இனிஷியல் வைக்கும் நம் வழக்கம் இங்குள்ள படிவங்களுக்கு ஒத்துவராமல், அப்பாவின் பெயர் குடும்பப் பெயராகி நிற்கும். அதை வைத்துத் தேடும்போது குழப்பம்தான் மிஞ்சும்.

இதற்கு நல்ல மாற்றுவழி உண்டு. வாக்காளர் பட்டியலைப் பெயர்ப் பட்டியலாகப் பார்க்காமல் நிலப் பட்டியலாகப் பயன்படுத்துங்கள். பட்டியல் பாகம் பாகமாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு பாகமும் ஒரு வாக்குச்சாவடிக்கு உரிய, எல்லை குறிக்கப்பட்ட பகுதி. பெரும்பாலும் ஆயிரம் வாக்காளர் அளவில் இருக்கும். முதலில் பாகங்களைத் தேர்ந்தெடுங்கள். பிறகு அந்த எல்லைக்குள் போய் ஒவ்வொரு வாசலாக ஏறி நீங்களே வீட்டுக் கணக்கு எடுங்கள். அப்போது ஓட்டு ஊரில் இருப்பவரும், போன மாதம் குடிவந்தவரும் உள்ளே வந்துவிடுவார்கள்.

வீட்டுக் கணக்கு எடுப்பது சலிப்பான வேலை. ஆய்வு நிற்பதும் விழுவதும் அதில்தான். தாராவியில் ஒரு கதவு எண்ணைக் குறித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டால் தவறு நேரும். கீழே ஒரு குடும்பம், வெளிப்பக்கமாகச் சாத்தியிருக்கும் இரும்பு ஏணியில் ஏறினால் மேலே வாடகைக்கு இன்னொரு குடும்பம் என்பது அங்கே சர்வ சாதாரணம். கீழ்வீட்டுக்கும் மேல்வீட்டுக்கும் ஒரே மின்மீட்டர் இருக்கலாம், ஒரே கதவு எண் இருக்கலாம். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி: "அக்கா, மேல யாரு இருக்காங்க? அவங்களுக்குத் தனி அடுப்பா?" தனி அடுப்பு என்றால் தனிக் குடும்பம். ஏணியை மறந்தவர் வாடகைக்காரர்களை மொத்தமாக மறந்தவர் ஆகிறார்.

மூன்றாம் படி: அடுக்காகப் பிரித்தல்

தமிழர்கள் நெருங்கி வாழும் தாராவி, சயான் கோலிவாடா, ஆண்டாப்ஹில் போன்ற இடங்கள் ஒரு அடுக்கு. ஓரளவு இருக்கும் செம்பூர், மாட்டுங்கா, முலுண்ட் ஒரு அடுக்கு. மற்ற எல்லாம் மூன்றாவது அடுக்கு. நெருக்கமான இடத்தில் கொஞ்சம் கதவைத் தட்டினாலே போதும். மூன்றாவது அடுக்கில் 50 கதவு தட்டினால் ஒரு தமிழ் வீடு கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். இங்கேதான் பலருக்கு மனம் தளர்கிறது: "அங்கெல்லாம் யாரு இருக்கப் போறா, விட்டுருவோம்."

விடக் கூடாது. அங்கே குறைவாக எடுக்கலாம். சுழியாக எடுக்கக் கூடாது. நூற்றில் ஒரு வாய்ப்புக் கொடுத்தவரை அப்புறம் நூறால் பெருக்கிச் சரிக்கட்டலாம். வாய்ப்பே கொடுக்காதவரை எதனால் பெருக்கினாலும் சுழிதான். சிதறி வாழும் குடும்பத்துப் பிள்ளைக்குப் பக்கத்தில் தமிழ்ப் பள்ளி இல்லை, தமிழ் பேசும் கூட்டாளி இல்லை. வாசிப்பு முதலில் அறுந்துபோவது அந்த வீட்டில்தான் என்று எதிர்பார்க்கலாம். நம் கேள்விக்கு மிக முக்கியமான பிள்ளையும் அதுதான்.

நேரமோ பணமோ உண்மையிலேயே இல்லையென்றால் மூன்றாவது அடுக்கை வெட்டிவிட்டு, முதல் படியில் எழுதிய வாக்கியத்தையும் அதற்கேற்ப வெட்டுங்கள். "மும்பையின் தமிழர் நெருங்கி வாழும் பகுதிகளில்" என்று எழுதினால் அது முழு மரியாதையுள்ள ஆய்வு.

நான்காம் படி: எத்தனை பானை?

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். ஒரே தண்ணீரில், ஒரே நெருப்பில், ஒரே நேரம் வெந்த அரிசி என்பதால் ஒரு பருக்கை போதும். அதே காரணத்தால், அதே பானையிலிருந்து நாற்பதாவது பருக்கையை எடுப்பது வீண். ஒரு சாலில், அதாவது மும்பையின் வரிசை அறைக் குடியிருப்பில், பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இருபது குடும்பங்கள் ஒரே ஊரிலிருந்து வந்திருக்கும், பிள்ளைகள் ஒரே பள்ளிக்குப் போவார்கள், ஒரே டியூஷன் அக்காவிடம் படிப்பார்கள். அந்தச் சால் ஒரு பானை. மும்பை பல ஆயிரம் பானை.

இதைக் கணக்காகவே போடலாம். ஒரே இடத்திலிருந்து சேர்த்து எடுக்கும் கூட்டத்தைக் கொத்து என்போம்; நம் ஆய்வில் ஒரு பாகம் ஒரு கொத்து. ஒரு கொத்துக்குள் இருப்பவர்கள் எவ்வளவு ஒரே மாதிரி இருக்கிறார்கள் என்பதற்கு 0 முதல் 1 வரை ஒரு எண் உண்டு. உள்ளொற்றுமை என்று வைத்துக்கொள்வோம். ஒரு கொத்தில் எடுப்பவர் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து, உள்ளொற்றுமையால் பெருக்கி, ஒன்றைக் கூட்டினால் கிடைப்பது வடிவமைப்பு விளைவு. மொத்த மாதிரியை அதனால் வகுத்தால், உண்மையில் எத்தனை பேரைக் கேட்டதற்குச் சமம் என்று தெரியும்.

உள்ளொற்றுமை 0.05 என்று கொண்டு 800 பிள்ளைகளை மூன்று விதமாக எடுத்துப் பார்ப்போம். 16 கொத்து, கொத்துக்கு 50 பேர் என்றால் விளைவு 3.45, 800 பேர் 232 பேருக்குத்தான் சமம். 40 கொத்து, கொத்துக்கு 20 என்றால் விளைவு 1.95, 410 பேருக்குச் சமம். 80 கொத்து, கொத்துக்கு 10 என்றால் விளைவு 1.45, 552 பேருக்குச் சமம். அதே 800 பேர்தான், பிழை எல்லை (நம் எண்ணிலிருந்து உண்மை இரு பக்கமும் எவ்வளவு தள்ளியிருக்கலாம் என்ற அளவு) மட்டும் ஏறத்தாழ 6.4 சதவீதப் புள்ளியிலிருந்து 4.2 ஆகக் குறைகிறது. மொழி, சாதி, பள்ளி போல இடத்தோடு ஒட்டிய விஷயங்களில் உள்ளொற்றுமை 0.05ஐத் தாண்டிப் போகும். அப்போது இந்த வித்தியாசம் இன்னும் பெரிதாகும்.

கோவண்டிக்குப் பக்கத்தில் தேவ்னாரில் இருக்கும் பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் நடத்தும் தேசியக் குடும்பநல ஆய்வும் இதே கணக்கைத்தான் பின்பற்றுகிறது. 2019–21இல் நடந்த ஐந்தாவது சுற்றில் நாடு முழுக்கச் சுமார் 6.37 லட்சம் வீடுகள். ஒரு கொத்துக்கு 22 வீடுதான். கொத்துகளைப் பரப்பினார்கள், ஒரே இடத்தில் குவிக்கவில்லை.

கொத்துகளை எப்படிப் பொறுக்குவது? பெரிய பாகத்துக்குப் பெரிய வாய்ப்புக் கிடைக்க வேண்டும். ஒரு அடுக்கில் எல்லாப் பாகங்களையும் வரிசையாக எழுதி வாக்காளர் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போங்கள். மொத்தம் 60,000, வேண்டியது 12 பாகம் என்றால் இடைவெளி 5,000. 1 முதல் 5,000க்குள் கணினியை ஒரு எண் எடுக்கச் சொல்லுங்கள். 3,217 வந்தால், கூட்டுத்தொகையில் 3,217, 8,217, 13,217 என்று விழும் பாகங்களே உங்கள் கொத்துகள். "இந்த ஏரியா நமக்குத் தெரிஞ்ச ஏரியா" என்று ஒன்றைக்கூட மாற்றக் கூடாது.

ஐந்தாம் படி: எத்தனை பேர்?

பிழை எல்லை 5 சதவீதப் புள்ளி, நம்பகம் 95 சதவீதம் (இப்படி நூறு முறை மாதிரி எடுத்தால் ஏறத்தாழ 95 முறை உண்மை அந்த எல்லைக்குள் விழும்) என்றால், கொத்தில்லாமல் எல்லோருக்கும் ஒரே வாய்ப்புக் கொடுத்து எடுக்கும் எளிய சமவாய்ப்பு மாதிரிக்கு 385 பேர் போதும். 1.96ஐ வர்க்கப்படுத்தி, 0.25ஆல் பெருக்கி, 0.05இன் வர்க்கத்தால் வகுத்தால் இது வரும். பிழை எல்லையை 3க்குக் குறைத்தால் 1,068. ஊர் பெரியதா சிறியதா என்பது இதில் ஏறக்குறைய வராது: 5,000 பேர் உள்ள குடியிருப்புக்கு 385 என்பது 358 ஆகும், ஒரு கோடிப் பேர் உள்ள நகரத்துக்கு 385ஆகவே இருக்கும். ஊரில் பத்து சதவீதம் பேரைக் கேட்டாக வேண்டும் என்று சிலர் வழிகாட்டுவது ஆதாரமில்லாத பழக்கம்.

நம் ஆய்வில் கொத்துக்கு 20 வீடு; ஆகவே 385ஐ அதற்குரிய வடிவமைப்பு விளைவான 1.95ஆல் பெருக்கினால் 751. தேர்ந்தெடுத்த வீடுகளில் 80 சதவீதம்தான் பதில் தரும் என்று கொண்டால் 939. ஆக 47 பாகம், பாகத்துக்கு 20 வீடு, மொத்தம் 940. இது ஒட்டுமொத்த எண்ணுக்கு. பையன்களையும் பெண்பிள்ளைகளையும் தனித்தனியாக ஒப்பிட்டுச் சொல்ல வேண்டுமென்றால் ஒவ்வொரு பிரிவுக்கும் இதே கணக்கைத் தனியாகப் போட வேண்டும். 940ஐ வைத்துக்கொண்டு ஆறு பிரிவுக்கு ஆறு சதவீதம் அச்சிடக் கூடாது.

ஆறாம் படி: வாசலில் நடப்பவை

காகிதத்தில் பிசகாத மாதிரி வாசலில்தான் கெடுகிறது.

எப்போது போகிறீர்கள்? மே மாதம் போகாதீர்கள். பள்ளி விடுமுறையில் நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் ஏறி ஊருக்குப் போன வீடுகள் பூட்டிக் கிடக்கும். ஊரோடு உறவு அறாத குடும்பங்கள், அதாவது தாத்தா பாட்டியோடு விடுமுறையைக் கழிக்கும் பிள்ளைகள், மொத்தமாக விட்டுப்போவார்கள். பகல் 11 மணிக்குப் போனால் வேலைக்குப் போகாத பெண்கள் இருக்கும் வீடுகள் மட்டும் திறக்கும். டோம்பிவிலியில் இருவரும் லோக்கல் பிடித்து வேலைக்குப் போகும் வீட்டுக்கு ஞாயிறு காலையோ, வாரநாளில் இரவு எட்டரைக்கு மேலோதான் போக வேண்டும். ஒரு வீட்டுக்கு மூன்று முறை, மூன்று வேறு வேளைகளில் போனபிறகே "ஆள் இல்லை" என்று எழுதலாம்.

பூட்டிய வீட்டுக்குப் பதில் பக்கத்து வீடு என்பது கள ஆய்வின் மிகப் பெரிய கெட்ட பழக்கம். பக்கத்து வீடு திறந்திருப்பதற்கு ஒரு காரணம் உண்டு, இந்த வீடு பூட்டியிருப்பதற்கும் ஒரு காரணம் உண்டு. மாற்று வீடு எடுத்தால் எண்ணிக்கை நிறையும். கூடவே, விடை ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பது கண்ணுக்குத் தெரியாமல் மறைந்தும் போகும். 20இல் 16தான் கிடைத்தது என்றால் 16 என்றே எழுதுங்கள். 80 சதவீதத்துக்கு இடம்விட்டு 940 எடுத்தது இதற்காகத்தான்.

சொசைட்டிக் கட்டடங்களில் வாட்ச்மேன் உள்ளே விட மாட்டார். முன்பே செக்ரட்டரிக்குக் கடிதம் கொடுத்து, ஒரு நாள் குறித்து வாங்குங்கள். மறுத்துவிட்டால் அந்தக் கட்டடத்தில் எத்தனை வீடு என்பதையாவது குறித்துக்கொள்ளுங்கள். ஒரு செக்ரட்டரியின் மறுப்பு நாற்பது வீட்டின் மறுப்பு.

வீட்டுக்குள் போனபின் இரண்டு மூன்று பிள்ளைகள் இருந்தால், அம்மா உடனே நன்றாக வாசிக்கும் பிள்ளையை முன்னால் தள்ளுவார். "இவ நல்லா வாசிப்பா, இவளக் கேளுங்க." அன்போடு செய்வதுதான், ஆய்வு அங்கேயே சாய்ந்துவிடும். 10 முதல் 17 வயதுக்குள் இருப்பவர்களில் யாருக்கு அடுத்து பிறந்தநாள் வருகிறதோ அவரைக் கேட்பது என்று முன்பே விதி வைத்துக்கொண்டு, அதை அம்மாவிடம் சொல்லியும் விடுங்கள். பிள்ளை டியூஷனுக்குப் போயிருந்தால் திரும்ப வரும் வேளைக்குப் போங்கள். "தமிழ் வாசிப்பாயா?" என்று கேட்டு ஆம், இல்லை குறிப்பது அளவீடே ஆகாது, அட்டையைக் கையில் கொடுத்து வாசிக்கக் கேட்பதுதான் அளவீடு.

ஏழாம் படி: பதில் தராதவர்கள்

2020 ஜூலையில் மும்பையில் மாட்டுங்கா, செம்பூர் மேற்கு, தஹிசர் ஆகிய மூன்று வார்டுகளில் கோவிட் எதிர்ப்பணு (தொற்று வந்துபோனதை ரத்தத்தில் காட்டுவது) ஆய்வு நடந்தது. நிதி ஆயோக், மும்பை மாநகராட்சி, டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் ஆகியவை சேர்ந்து நடத்தின. திட்டமிட்ட 8,870இல் 6,936 ரத்த மாதிரிகள் கிடைத்தன: குடிசைப் பகுதிகளில் ஏறத்தாழ முழுவதும், மற்றப் பகுதிகளில் சுமார் 70 சதவீதம். குடிசைப் பகுதியில் 57 சதவீதம் பேருக்கும் மற்றப் பகுதியில் 16 சதவீதம் பேருக்கும் எதிர்ப்பணு இருந்தது.

மற்றப் பகுதிகளில் ரத்தம் கொடுக்க மறுத்த 30 சதவீதம் பேர் வேறு மாதிரி இருந்திருந்தால்? கடைசி எல்லை வரை போய்ப் பார்க்கலாம். மறுத்தவர் ஒருவருக்கும் எதிர்ப்பணு இல்லை என்று கொண்டால் 16 என்பது 11.2 ஆகும். மறுத்த எல்லோருக்கும் இருந்தது என்று கொண்டால் 41.2 ஆகும். ஆகவே 16 என்ற எண் ஆடக்கூடியது. ஆனால் எவ்வளவு ஆட்டினாலும் 57ஐத் தொடவில்லை. குடிசைப் பகுதியில் பரவல் அதிகம் என்ற முடிவை, மறுத்தவர்களைக் காரணம் காட்டிக் கவிழ்க்க முடியாது. ஒரே ஆய்வில் ஒரு கூற்று பலவீனமாகவும் இன்னொன்று உறுதியாகவும் இருக்கலாம். உங்கள் ஆய்விலும் இந்த இரண்டு எல்லைக் கணக்கையும் போட்டுப் பார்த்துவிட்டு எதை அழுத்திச் சொல்வது என்று முடிவெடுங்கள்.

எட்டாம் படி: எடை

ஒவ்வொரு பிள்ளையும் முழுமைத்தொகுதியில் எத்தனை பிள்ளைகளுக்காகப் பேசுகிறதோ அது அதன் எடை. தேர்வாகும் வாய்ப்பைத் தலைகீழாக்கினால் எடை கிடைக்கும். 60,000 வாக்காளருள்ள அடுக்கில் 12 பாகம் எடுத்தோம். 1,000 வாக்காளருள்ள ஒரு பாகம் தேர்வாகும் வாய்ப்பு 0.2. அந்தப் பாகத்தில் வீட்டுக் கணக்கு எடுத்தபோது பிள்ளைகள் உள்ள தமிழ் வீடுகள் 50. அதில் 20 எடுத்தால் வாய்ப்பு 0.4. இரண்டையும் பெருக்கினால் 0.08, வீட்டின் எடை 12.5. அந்த வீட்டில் இரண்டு பிள்ளைகளில் ஒருவரைக் கேட்டிருந்தால் பிள்ளையின் எடை 25. கடைசிப் பெருக்கலை மறப்பவர்கள் அதிகம். மறந்தால் ஒற்றைப் பிள்ளை வீடுகளின் குரல் ஓங்கிவிடும்.

எடை போடாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கற்பனை எண்களில் ஒரு கணக்கு. நெருக்கமான பகுதியில் 20இல் ஒருவர் வீதம் 300 பிள்ளைகள். 45 சதவீதம் வாசிக்கிறார்கள். சிதறிய பகுதியில் 200இல் ஒருவர் வீதம் 40 பிள்ளைகள். 15 சதவீதம் வாசிக்கிறார்கள். அப்படியே கூட்டினால் 340க்கு 141, அதாவது 41.5 சதவீதம். எடையோடு கூட்டினால் நெருக்கமான பகுதி 6,000 பிள்ளைகளுக்கும் சிதறிய பகுதி 8,000 பிள்ளைகளுக்கும் பேசுகின்றன, விடை 27.9 சதவீதம். தாளில் இருக்கும் விடைகளில் ஒன்றையும் மாற்றவில்லை. ஊரைப் பற்றிய செய்தி மட்டும் மாறிவிட்டது.

எடைக்கு விலையும் உண்டு. 20, 200 என்று பத்து மடங்கு வித்தியாசம் இருந்தால், அந்த 340 பிள்ளைகள் 114 பேருக்குத்தான் சமம்; எடைகளின் கூட்டுத்தொகையை வர்க்கப்படுத்தி, எடை வர்க்கங்களின் கூட்டுத்தொகையால் வகுத்தால் இது தெரியும். சிதறிய பகுதியில் 60இல் ஒருவர் வீதம் எடுத்து 133 பிள்ளைகளைக் கேட்டிருந்தால், 433 பேர் 326 பேருக்குச் சமமாகியிருப்பார்கள். அடுக்குகளுக்கு இடையே மூன்று, நான்கு மடங்குக்கு மேல் வித்தியாசம் வைக்காமல் இருப்பது நல்லது. அதற்குச் செலவு கூடும். அந்தச் செலவைத் திட்டத்திலேயே எழுதிக் கேளுங்கள்.

ஊர் தாண்டிப் பொருந்துமா?

மும்பைக்கு வந்த எண் டெல்லிக்கோ பெங்களூருக்கோ பொருந்துமா? சதவீதம் பொருந்தாது. டெல்லியில் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகள் தமிழைப் பாடமாகச் சொல்லித் தருகின்றன. பெங்களூரிலிருந்து ஒரு மணிநேரத்தில் ஓசூர் வந்துவிடுகிறது. மும்பையின் நிலைமை வேறு.

ஆனால் எல்லாக் கேள்விக்கும் ஊரைப் பிரதிபலிக்கும் மாதிரி தேவைப்படாது. "எவ்வளவு" என்று கேட்டால் கட்டாயம் தேவை. "எதனால்" என்று கேட்டால், அந்தக் காரணம் வேறு இடத்திலும் அதே போல வேலை செய்யுமா என்பதே பெரிய கேள்வி. புகைபிடித்தலுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை உறுதிப்படுத்திய ஆய்வுகளில் ஒன்று 1951இல் பிரிட்டன் மருத்துவர்களிடம் தொடங்கியது. மருத்துவர்கள் பொதுமக்களைப் போன்றவர்கள் அல்லர். ஆனால் நுரையீரல் எல்லோருக்கும் ஒன்றுதான். அந்த முடிவு நமக்கும் பொருந்தியது.

கல்வியில் அவ்வளவு சுலபமில்லை. மும்பையிலும் வடோதராவிலும் மாநகராட்சிப் பள்ளிகளில் பின்தங்கிய பிள்ளைகளுக்கு, அதே பகுதியைச் சேர்ந்த இளம்பெண்களை வைத்துத் தனியாகச் சொல்லிக் கொடுத்த பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பின் திட்டத்தைச் சமவாய்ப்பு முறையில், அதாவது யாருக்குத் திட்டம் என்பதைக் குலுக்கல் போல முடிவுசெய்து, சோதித்தார்கள். ஆய்வு 2007இல் வெளியானது. இரண்டு வேறு நகரங்களில் பலன் தெரிந்ததால் அந்த முடிவின் மேல் நம்பிக்கை கூடியது. கென்யாவில் ஒப்பந்த ஆசிரியர் திட்டத்துக்கு நேர்ந்தது வேறு: தொண்டு நிறுவனம் நடத்திய பள்ளிகளில் தெரிந்த பலன், அரசு நடத்திய பள்ளிகளில் தெரியவில்லை. பிள்ளைகள் அதே நாட்டுப் பிள்ளைகள், நடத்தியவர் மாறினார். ஒரு முடிவை வேறு இடத்துக்கு எடுத்துச் செல்லுமுன், அந்தப் பலன் எதைச் சார்ந்திருந்தது என்று எழுதிப் பாருங்கள்: யார் நடத்தினார், பிள்ளைகள் எந்த நிலையில் தொடங்கினார்கள், வேறு என்ன உதவி இருந்தது. அவை அங்கேயும் இருந்தால் எடுத்துச் செல்லலாம். இல்லையென்றால் சிறிய அளவில் அங்கே ஒருமுறை சோதித்துவிட்டே பேச வேண்டும். கிராமப்புறத்துக்கென்றே எடுக்கப்படும் அசர் கல்வி ஆய்வின் வாசிப்பு எண்ணைத் தாராவிக்குப் பொருத்திப் பேசுவதும் இதே வகைத் தவறு.

முடிவை எழுதும் விதம்

ஆய்வின் முதல் பக்கத்திலேயே, சதவீதத்துக்குப் பக்கத்தில், கீழே உள்ளதைப் போல ஒரு பத்தி இருக்க வேண்டும். பின்னிணைப்பில் ஒளிக்கக் கூடாது. கோடிட்ட இடங்களை நிரப்ப முடியாவிட்டால் எந்தப் படி விட்டுப்போனது என்று அதுவே காட்டும்.

"மும்பை நகரம், புறநகர், தாணே மாவட்டத்தின் நகர்ப்பகுதிகளில், வீட்டில் தமிழ் பேசும் குடும்பங்களின் 10–17 வயதுப் பிள்ளைகளைப் பற்றியது இந்த முடிவு. மூன்று அடுக்குகளில் 47 வாக்காளர் பாகங்கள் அளவுக்கேற்ற வாய்ப்பில் தேர்வாயின. பாகத்தில் ___ வாசல்கள் கணக்கெடுக்கப்பட்டு, 940 வீடுகள் எடுக்கப்பட்டன. ___ வீடுகளில் பேச முடிந்தது, ___ வீடுகள் மூன்று முறை போயும் பூட்டியிருந்தன, ___ வீடுகள் மறுத்தன, ___ கட்டடங்களில் அனுமதி கிடைக்கவில்லை. மாற்று வீடு எடுக்கப்படவில்லை. விடுதிகளிலும் கட்டட வேலையிடங்களிலும் தங்கியிருக்கும் பிள்ளைகள் இதில் இல்லை. எடையிட்ட சதவீதம் ___. கொத்து, எடை இரண்டையும் கணக்கில் கொண்ட பிழை எல்லை ___ சதவீதப் புள்ளி. பதில் தராதவர்கள் எல்லோரும் வாசிப்பவர்கள் என்று கொண்டால் ___, ஒருவரும் வாசிக்காதவர் என்று கொண்டால் ___."